மாட்டுக்காரர் பாட்டு இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், உலக இசை பற்றிய பக்கத்தில், அமெரிக்காவின் கண்ட்ரி இசைக்கு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். நாலே வரி. பக்கத்தில் பெரிய தொப்பியோடு குதிரைமேல் உட்கார்ந்த ஆளின் படம். மாடு மேய்ப்பவர்கள் உற்சாகத்துக்குப் பாடுவது என்று எழுதி, புளூகிராஸையும் சதர்ன் ராக்கையும் அதே வரியில் சேர்த்திருந்தார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தப் பாட்டோடு வாழ்கிறவன் நான். படித்ததும் மனசு கேட்கவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு, எங்களுக்குத்தான் வேலை. ஹெட்டைக் கழற்றுவதும் நாசில் பார்ப்பதுமாக ராத்திரி பதினோரு மணி ஆகிவிடும். அந்த இரண்டு மாதமும் பட்டறையில் ஓடுவது இந்தப் பாட்டுதான்.

முதலில் என் காதில் விழுந்தது கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் குரல். சின்ன வயதில் எங்கள் கரையில் இலங்கை வானொலிதான் தெளிவாக எடுக்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் குரல் வந்துவிட்டால் வலை முடிகிற கை அப்படியே நின்றுவிடும். ரீவ்ஸ் 1964 ஜூலையில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பக்கத்தில் விமான விபத்தில் இறந்துபோனவர். அதே வருடம் டிசம்பரில்தான் எங்கள் தனுஷ்கோடி புயலில் போனது. இதை நான் பின்னால் படித்துத் தெரிந்து சொன்னபோது, அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் 1989-ல் துபாய்க்குப் போனேன், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. அறையில் என்னோடு ஒரு பிலிப்பைன்ஸ்காரர், வெல்டர். ஊருக்குத் திரும்பும்போது மூன்று கேசட் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று கண்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ், இன்னொன்று லெஸ்டர் ஃப்ளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் சேர்ந்து வாசித்த புளூகிராஸ், மூன்றாவது சதர்ன் ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ். நீங்கள் ஒரே வரியில் சேர்த்த மூன்றும் எனக்குத் தனித்தனியாகத்தான் கைக்கு வந்தன.

புளூகிராஸில் மாடும் இல்லை, குதிரையும் இல்லை. அது மலைக்காட்டுச் சனங்களின் பாட்டு. நிலக்கரிச் சுரங்கம், ரயில், நூல் மில், ஞாயிற்றுக்கிழமைக் கோவில், விட்டுவந்த வீடு, இறந்துபோன அம்மா, இவைதான் அதற்குள் இருக்கும். கென்டக்கி மாநிலத்து ரோசின் என்ற சிற்றூரில் 1911-ல் பிறந்த பில் மன்ரோதான் இதற்கு உருவம் கொடுத்தார். தன் குழுவுக்குத் தன் மாநிலத்தின் செல்லப்பெயரை வைத்து 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்றார். குழுவின் பெயரே பின்னால் இசைக்கும் பெயராகிவிட்டது. 1945 டிசம்பரில் அந்தக் குழுவில் வந்து சேர்ந்தார் வட கரோலினாக்காரரான ஏர்ல் ஸ்க்ரக்ஸ். அதற்கு முன் நூல் மில்லில் வேலை பார்த்தவர். அவர் கையில் பாஞ்சோ இருந்தது.

அந்தப் பாஞ்சோவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் கம்பி ஓடும். மேளமும் தந்தியும் ஒரே உடம்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஐந்து. நாலு கம்பி கழுத்து முழுக்கப் போகும். ஐந்தாவது மட்டும் குட்டை. கழுத்தின் நடுவிலேயே, ஐந்தாவது மெட்டுக்குப் பக்கத்தில், அதற்கென்று தனி முறுக்காணி. கட்டைவிரலுக்கு முதலில் படுவது அதுதான், இருப்பதிலேயே மேல் ஸ்தாயியும் அதுதான். வாசிக்கிறவர் பாட்டை எங்கே கொண்டுபோனாலும் கட்டைவிரல் திரும்பத் திரும்ப அந்தக் கம்பிக்கு வந்து தட்டிவிட்டுப் போகும். நாகஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதைப் போல என்று நினைத்துக் கேட்டால் சட்டென்று பிடிபடும்.

ஸ்க்ரக்ஸ் வாசித்தது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மூன்றே விரலால். மூன்று விரல், ஆனால் எட்டு எண்ணிக்கை. அது எப்படிச் சரியாக வந்து விழுகிறது என்று துபாயில் எனக்குப் பல நாள் பிடிபடவில்லை. ஊருக்கு வந்தபின் ஒருநாள் எங்கள் தெருவில் தவில் வாசிக்கிற பெரியவரிடம் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டார். தொடையில் தட்டிக்கொண்டே "தகிட தகிட தக" என்றார். மூன்று, மூன்று, இரண்டு. அவ்வளவுதான்! "இதுல ஒண்ணும் புதுசு இல்ல தம்பி, வேகந்தான் புதுசு" என்று சொல்லிவிட்டு, மறுபடி போடச் சொன்னார். எல்லா இடத்திலும் ஸ்க்ரக்ஸ் அந்தக் கணக்கில்தான் போகிறார் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதிகம் போகிற பாதை அது. எஞ்சினில் ஒரு சிலிண்டர் அடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காதுக்கு, ஸ்க்ரக்ஸின் வாசிப்பில் இத்தனை வருடத்தில் ஒரு அடி தவறிக் கேட்டதில்லை.

அந்த மரபான புளூகிராஸில் மேளம் கிடையாது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாண்டலின்காரர் கம்பியைச் சுருக்கென்று வெட்டி நிறுத்துவார், அதுதான் தாளம். ஒரே மைக்கைச் சுற்றி நின்று, முறை வருகிறவர் முன்னால் வந்து வாசித்துவிட்டு விலகி வழிவிடுவார். தனி ஆவர்த்தனத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்ட மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம். இது வெள்ளைக்காரர் பாட்டு மட்டும் என்று நினைப்பது பெரிய தவறு. பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசித்த வாத்தியத்திலிருந்து வந்தது. பில் மன்ரோ இளவயதில் யாரோடு நடனங்களுக்கு வாசிக்கப் போனார்? ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு. கிடார், ஃபிடில் என்கிற வயலின் இரண்டிலும் தேர்ந்த கை. ஒரு பாட்டுகூடப் பதிவாகாமலே 1931-ல் இறந்துவிட்டார். நாஷ்வில் வானொலியில் 1925-ல் ஆரம்பித்து இன்றும் நடக்கிற 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. அடிமையாக இருந்தவரின் பேரன். வாயால் ஊதும் ஹார்மோனிக்காவில் ரயில் கிளம்புவதையும் வேகம் எடுப்பதையும் தூரத்தில் போய் மறைவதையும் அப்படியே கொண்டுவருவார். 1941-ல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதன்பின் ஷூ பாலிஷ் போடும் கடை வைத்துப் பிழைத்தார். கண்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005-ல், அவர் இறந்து இருபத்து மூன்று வருடம் கழித்து. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும்.

ரயில் என்றதும் இன்னொன்று. கண்ட்ரி இசையின் தந்தை என்று சொல்லப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயில்வேயில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். காசநோய்க்காரர். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. பாட்டுக்குப் பாட்டு நடுவில் கட்டிலில் படுத்து எழுந்து பாடினார். இரண்டு நாளில் உயிர் போய்விட்டது, வயது 35. அந்த நாட்டில் ரயில் கவிழ்ந்தால் பாட்டுக் கட்டுவார்கள். 1903-ல் வர்ஜீனியாவின் டான்வில் அருகே பாலத்திலிருந்து விழுந்த தபால் ரயிலின் பாட்டைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். எங்கள் பாட்டியின் தம்பி 1964 புயலில் தனுஷ்கோடி ரயிலோடு போனவர். வீட்டில் எந்தச் சாவு விழுந்தாலும் பாட்டி ஒப்பாரியில் அந்த ரயிலைக் கொண்டுவந்துவிடுவார். "பொட்டியோட போனியே தம்பி" என்று ஒரு இழுப்பு இழுப்பார். டான்வில் பாட்டின் வார்த்தைகளை என் மகள் தமிழில் எடுத்துச் சொன்ன அன்று, பாட்டியின் குரல்தான் எனக்குள் கேட்டது.

சதர்ன் ராக் வேறு வீடு. அங்கே மின்சாரக் கிடார், டிரம்ஸ், உரத்த சத்தம். ஆனால் அடியில் ஓடுவது இதே மண்ணின் புளூஸும் கண்ட்ரியும். ஆல்மன் பிரதர்ஸ் 1969-ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கூடி, ஜார்ஜியாவின் மேக்கனில் குடியேறிய குழு. அதில் இரண்டு டிரம்மர்கள், ஒருவர் ஜெய்மோ என்ற கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரே குழுவாகச் சேர்ந்து நின்றார்கள். குழுவின் கிடார்காரர் டுவேன் ஆல்மன் சளிமாத்திரைக் கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்குவார். அழுகிற மாதிரியும் கூப்பிடுகிற மாதிரியும் ஒரு சத்தம் வரும். 1971 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்து, 24 வயதில் போய்விட்டார். இன்னொரு சதர்ன் ராக் குழுவான லினர்ட் ஸ்கினர்ட்டின் விமானம் 1977-ல் மிசிசிப்பியில் விழுந்தது எரிபொருள் தீர்ந்து. ஆறு பேர் போனார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, டேங்கில் குச்சி விட்டுப் பார்க்காமல் எந்தப் படகையும் பட்டறையிலிருந்து அனுப்புவதில்லை.

அந்தக் குழு பல வருடம் மேடையில் பறக்கவிட்ட கொடி, அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்ட மாநிலங்களின் கொடி. அதை நான் ஏற்கவில்லை. பாட்டை நேசிக்கிறவன்தான் இதையும் சொல்ல வேண்டும்.

ஐயா, உங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். எழுதுகிறவர் தெரிந்தவராக இருக்கட்டும். என்னிடம் அந்த மூன்று கேசட்டும் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கின்றன, வேண்டுமானால் தருகிறேன். படத்துக்குத் தொப்பி வேண்டாம். ஒரு பாஞ்சோவைப் போடுங்கள், ஐந்தாவது கம்பியின் முறுக்காணி தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
ஒரு படகு எஞ்சின் மெக்கானிக்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.