மொய்ப் பணத்தை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்தால், மொய் வாங்குவதற்கென்றே எங்கள் பக்கம் வைக்கிற மொய் விருந்துகள் நாளிதழ்களில் செய்தியாகிவிடும். எத்தனை கிலோ ஆட்டுக்கறி, பணம் எண்ண எத்தனை மெஷின், மொத்தம் எவ்வளவு வசூல் என்று போடுவார்கள். பந்தலைப் பிரித்த பிறகு அந்தப் பணம் வீட்டில் என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டு மொய் நோட்டு என் பொறுப்பில்தான் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மொய் என்றால் அன்பளிப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இது வட்டியில்லாக் கடன். நான் உங்களுக்கு ஐந்நூறு செய்திருந்தால், என் முறை வரும்போது நீங்கள் ஆயிரம் எழுதுவீர்கள். அதில் ஐந்நூறு பழசு, அதாவது என் பணம் திரும்பி வருகிறது. மீதி ஐந்நூறு புதுசு. உங்கள் முறையில் நான் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஒரு குடும்பம் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் விருந்து வைக்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீரை நம்பிக் கடன் வாங்க முடியாத எங்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய துணை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. மரத்தை வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து அரசு கொடுத்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். நட்ட கன்று காய்க்கும்வரை பல குடும்பங்களைத் தாங்கியது பழைய மொய்தான்.

ஆனால் மொத்தமாகக் கைக்கு வந்த பணம் முழுவதும் நம்முடையது என்று நினைத்துவிட்டால் ஆபத்து. உறவில் ஒரு வீட்டில் வந்த தொகையை அப்படியே போட்டுக் கார் எடுத்தார்கள். அடுத்த ஆடியிலிருந்து மற்றவர்களின் விருந்துப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. ஒரு முகூர்த்த நாளில் நான்கு ஊரில் விருந்து. மொய் செய்ய முடியாமல் நிற்பது எங்கள் ஊரில் தலைகுனிவு. மூன்றாம் வருடம் அந்த வீட்டு அம்மாவின் தோடு வரை அடகுக் கடைக்குப் போய்விட்டது. கார் வாசலில் நின்றது, டீசல் போடக் காசில்லை.

எங்கள் வீட்டில் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே நோட்டை எடுத்து உட்கார்ந்துவிடுவோம். நாங்கள் செய்த பழசு மொத்தம் எவ்வளவு என்று முதலில் கூட்டுவேன். கடைசியாக வைத்த விருந்தில் மொத்தம் 7,40,000 வந்தது. அதில் பழசு 4,30,000. நான்கு குடும்பம் சேர்ந்து பந்தல் போட்டதால் எங்கள் பங்குச் செலவு 90,000 ஆனது. ஆக, எங்கள் பணம் என்று சொல்லக்கூடியது 3,40,000தான். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த நகையை மீட்க வட்டியோடு 1,60,000, தோப்புக்கு மோட்டாரும் குழாயும் 1,10,000 என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். புதுசு 3,10,000ஐ மறுநாளே தபால் அலுவலகத்தில் போட்டுவிட்டேன். ஒரே கணக்காக இல்லை. ஒரு வருடம், இரண்டு, மூன்று, ஐந்து வருடம் என்று பிரித்துப் போட்டேன். யார் யாருக்கு எந்த வருடம் முறை வரும் என்பது நோட்டைப் பார்த்தாலே தெரியும், அதற்குத் தோதாகப் பணம் முதிர வேண்டும். திருப்பும்போது மேலே வைக்கிற புதுசை மட்டும் தேங்காய் வெட்டுப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். பெரிய தொகை வருகிற வீடுகள் வங்கியில் போடுவதானால் ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு. அதிக வட்டி தருவதாகப் பந்தலுக்கே தேடி வருகிறவர்களிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். திரும்பி வரும் என்று தெரிந்து செய்கிற மொய்யைத் தர்மக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பாது. என் மாமியார் காலத்தில் கடலைப் பணம் வந்தாலும் தேங்காய்ப் பணம் வந்தாலும் ஒரு பங்கை முதலில் எடுத்துச் சுருக்குப் பையில் தனியாக முடிந்துவிடுவார்கள். அது யாருக்குப் போனது என்று எந்த நோட்டிலும் இருக்காது. அந்த வழக்கப்படி மேலே சொன்ன எங்கள் பணத்தில் 25,000 ஒதுக்கினோம். தேங்காய் உரிக்க வருகிற ஒருவரின் மகளுக்கு நர்சிங் முதல் வருடக் கட்டணத்தில் குறைந்ததைக் கட்டினோம். இவ்வளவு என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பின்னால் இழுபறி இல்லை. விருந்து முடிந்த வாரத்தில் கைமாத்து கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஒதுக்கியதில் இருந்தால் கொடுப்போம், தீர்ந்துவிட்டால் “இந்தத் தடவை முடியாது அண்ணே” என்று மனவருத்தம் இல்லாமல் சொல்லிவிடலாம். மிச்சம் 45,000 கைச்செலவுக்கும் அவசரத்துக்கும் இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் மொய் நோட்டு ஆண்கள் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. கணவர் திடீரென்று போய்விட்டால் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று மனைவிக்குத் தெரிவதில்லை. வர வேண்டியதைக் கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டரிலேயே மொய் எழுதி அச்சடித்துத் தருகிறார்கள். ஆவணியில் விருந்து வைக்கிறவர்கள் அதில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை வீட்டுப் பெண்களிடம் கொடுத்து, பழசு எது புதுசு எது என்று அன்றைக்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.