‘பாட்டு பிரமாதம், மேடையில்தான்…’

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். நீ கேட்ட சர்ட்டிஃபிகேட் ஃபைலை அம்மா நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டாள். டிகிரி, மார்க் ஷீட், பழைய ஆபீஸில் கொடுத்த கடிதம், எல்லாம் உள்ளே இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் சொல்லவந்தது வேறு. நீ பாடும் உங்கள் மியூசிக் பேண்டைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டை உன் கண்ணிலும் பட்டிருக்கும். ஆல்பத்தைக் கேட்டால் உயிர் உருகுகிறது, நேரில் போனால் கொட்டாவி வருகிறது என்கிறது ஒரு கட்சி. பாட்டுக் கேட்கத்தானே வந்தாய், கண்ணை மூடிக்கொண்டு கேள் என்கிறது மறு கட்சி. கன்ட்ரி பாட்டோடு ராக் கலந்த இந்த ஆல்ட்-கன்ட்ரியில் இது முப்பது வருடச் சண்டைம்மா. நம் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் பெல்வில்லில் பிறந்த சண்டை. உன்னால் ஆரம்பித்ததும் இல்லை, உன்னோடு முடியப்போவதும் இல்லை.

அந்த ஊர் பேண்ட் அங்கிள் ட்யூபெலோவை நீ கரைத்துக் குடித்தவள். ஆனால் நாம் அவர்களைப் பாட்டாகத்தான் பேசியிருக்கிறோம், மேடையாகப் பேசியதில்லை. 1990இல் வந்த ‘நோ டிப்ரஷன்’ ஆல்பத்தை மறுபடி போட்டுக் கேள். ஒரே பாட்டுக்குள் ஓட்டம், சடாரென்று நிறுத்தம், மறுபடி ஓட்டம். பாரில் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருப்பவன்கூட அந்த நிறுத்தத்தில் மேடைப் பக்கம் திரும்பியே ஆகவேண்டும். அதோடு இரண்டு குரல்கள். ஜே ஃபேரருடையது அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். ஜெஃப் ட்வீடியுடையது கரகரப்பு. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார், கேட்கிறவர்களுக்கு அலுப்பு தட்டாது. 1994 மே 1ஆம் தேதி செயின்ட் லூயிஸ் மிசிசிப்பி நைட்ஸ் கிளப்பில் கடைசிக் கச்சேரி முடிந்து பிரிந்தபோது இதெல்லாம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ட்வீடி மற்ற மூன்று பேரோடு வில்கோ ஆரம்பித்தார். ஃபேரர் பழைய டிரம்மர் மைக் ஹைடார்னையும் மினியாபொலிஸ் போக்விஸ்ட் சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு சன் வோல்ட் ஆரம்பித்தார்.

1995இல் சன் வோல்ட்டின் முதல் ஆல்பம் ‘ட்ரேஸ்’ வந்தது. நியூ ஆர்லியன்ஸில் குடியிருந்த ஃபேரர் ஒத்திகைக்காக மினசோட்டா வரை காரோட்டிப் போய்வந்த சாலையெல்லாம் அதில் இருக்கிறது. வெள்ளத்தைத் தடுத்து நிற்கும் செயின்ட் ஜெனவீவ் ஊர் இருக்கிறது. எரிக் ஹேவுட் பெடலை மிதித்து இழுத்து வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிடார், டேவ் போக்விஸ்டின் பிடில். இந்த வகைப் பாட்டில் அதற்கு மேல் ஒரு ஆல்பம் எனக்குத் தெரியாது. ஆனால் அதே ஃபேரர் மேடையில் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு ‘தேங்க்ஸ்’ வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த பாட்டு. நாலு மணி நேரம் வண்டியோட்டி வந்தவனுக்கு மனசு ஆறாது. பக்கத்திலேயே வில்கோவை வைத்து ஒப்பிடவும் செய்தார்கள். ட்வீடி கூட்டத்தோடு பேசுவார், வம்பிழுப்பார். 2005இல் சிகாகோ விக் தியேட்டரில் பதிவு செய்த ‘கிக்கிங் டெலிவிஷன்’ ஆல்பம் அவர்கள் மேடையில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஃபேரரை அடிப்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

கச்சேரிகளில் சத்தத்தைச் சரிசெய்யும் மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், நகராமல் நிற்பது குற்றமே இல்லை. பாடகி கில்லியன் வெல்ச்சும் அவரோடு வாசிக்கும் டேவிட் ராலிங்ஸும் வரும்போது மேடையில் என்ன இருக்கிறது? இரண்டு பேர், இரண்டு கிடார். ராலிங்ஸ் கையில் இருப்பது 1935 மாடல் எபிஃபோன் ஒலிம்பிக். விளக்கு விளையாட்டு கிடையாது, குதிப்பதும் கிடையாது. ஆனால் ஒரு சொல் பாக்கியில்லாமல் கடைசி வரிசைவரை போய்விழும். அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

ஃபேரர் எழுதுவது கதைப்பாட்டு அல்ல. சாலை, ரேடியோ, வெள்ளம், ஒரு முகம் என்று துண்டு துண்டாக வைப்பார், நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதைப்பாட்டில் ஒரு வரி காதில் விழாவிட்டாலும் அடுத்த வரியில் பிடித்துக்கொள்ளலாம். இதில் பாதிச் சொல் டிரம்ஸில் அமுங்கினால் மிச்சம் இருப்பது நடுவேகத்தில் போகும் ஒரு கிடார் சத்தம்தான். ஆல்பத்தில் உயிராக இருந்தது நேரில் அசதியாக மாறுவது இப்படித்தான். ரசிகர்கள் அதை ‘ஈடுபாடு இல்லை’ என்கிறார்கள். பெரும்பாலும் அது சத்தக் கோளாறு, இல்லாவிட்டால் வரிசைக் கோளாறு. நீ எழுதுவதும் இந்தத் துண்டு துண்டான வகைதான் பாப்பா, அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். இரண்டாவது ஆல்பத்தில் தாத்தா வீட்டுக் கிணற்றை நாலே வரியில் வைத்தாயே, அப்படி எழுத இந்த நாட்டில் எத்தனை பேருக்கு வரும்?

போன மாதக் கச்சேரி வீடியோவை யாரோ போட்டிருந்தார்கள். நீ அனுப்பவில்லை, பரவாயில்லை. நாலாவது பாட்டில் நீ என்ன செய்கிறாய் என்று பார். உன் மைக் பீட்டா 58. அது சூப்பர்கார்டியாய்ட், முன்பக்கத்துச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை. அதற்குக் காது மந்தமாக இருப்பது நேர் பின்பக்கம் இல்லை, முன்பக்கத்திலிருந்து 120 டிகிரி தள்ளி இரண்டு ஓரமும். அந்த ஊர் ஆள் உன் குரலை உனக்கே கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் நேர் பின்னால் வைத்திருக்கிறார். சாதா எஸ்எம் 58க்கு அது சரி, இதற்குத் தப்பு. சத்தம் ஏற்றியதும் மைக் கூவுகிறது, நீ பயந்து தலையைப் பின்னால் இழுக்கிறாய். உதட்டிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்த மைக் 15க்குப் போனால் குரல் ஏறக்குறைய ஒன்பதரை டெசிபல் இறங்கும், அடிக்குரலின் கனமும் போய்விடும். குரல் குறைந்ததும் மிக்ஸரில் இருப்பவர் ஏற்றுவார், மறுபடி கூவும். அப்புறம் இரவு முழுக்க நீ மைக்கைப் பார்த்து ஒதுங்கியே நிற்கிறாய். பார்க்கிறவர்களுக்கு அது விருப்பமில்லாமல் பாடுகிற மாதிரித் தெரிகிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒரே மானிட்டர் என்றால் நேர் எதிரிலிருந்து நகர்த்தி இடது ஓரமோ வலது ஓரமோ திருப்பி வைக்கச் சொல். இரண்டு இருந்தால் ஆளுக்கொரு ஓரம். இல்லாவிட்டால் எஸ்எம் 58 ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய். கீழ்ச் சத்தத்தை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் போடச் சொல். உன் குரல் அத்தையுடைய குரல் மாதிரிக் கீழே இருக்கும் குரல். 200லிருந்து 400 ஹெர்ட்ஸுக்குள் உன் குரல், அக்கூஸ்டிக் கிடாரின் உடம்பு, பேஸ் மூன்றும் முட்டிக்கொள்கின்றன. குரலில் கை வைக்கவேண்டாம், கிடாரில் அந்த இடத்தைக் குறைக்கச் சொல். கிடார் ஓட்டைக்கு ரப்பர் மூடி போடு, 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் உறுமல் நிற்கும். பெடல் ஸ்டீல் தம்பி நல்லா வாசிக்கிறான், ஆனால் நீ பாடும்போதே இழுக்கிறான். வரி முடிந்த இடைவெளியில்தான் அவன் வரவேண்டும், நீ ஆரம்பித்ததும் வால்யூம் பெடலை இறக்கிவிட வேண்டும். எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப்பைச் சாய்த்து வாசிக்கிறவன் காதைப் பார்க்க வை. முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருப்பவன் கேட்கவில்லை கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டேதான் போவான்.

காதுக்கு அடைப்பான் போடு. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு. உன் இடது பக்கம் இருக்கும் டிரம்ஸின் க்ராஷ் சிம்பல் அதைத் தாண்டும்.

அடுத்தது வரிசை. உங்கள் லிஸ்டில் மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை நாலு பாட்டும் நிமிஷத்துக்கு 88லிருந்து 96 அடிக்குள். நாலும் ஜி ஷேப் கார்டுகள், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ இரண்டாம் ஃப்ரெட்டில். பாட்டு ஒவ்வொன்றும் தங்கம்தான், ஆனால் இருபது நிமிஷம் காதுக்கு ஒரே நிறம். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த 140 வேகப் பாட்டைப் போடு. இன்னொன்றை நீ மட்டும் தனியாகப் பாடு, டிரம்ஸ் கடைசிச் சரணத்தில் வந்தால் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் வேகத்தை எழுதி டிரம்மரிடம் கொடு, விளக்கு மினுக்கி வேகம் காட்டும் மெட்ரோனோமைப் பார்த்துவிட்டு எண்ணட்டும். மேடைப் படபடப்பில் மெதுவான பாட்டு நாலு அடி வேகமானாலே வார்த்தைக்கு மூச்சு விட இடம் இருக்காது.

ட்யூனிங் மாற்ற நீ எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூட்டம் கைவிட்டுப் போகும் நேரம். வெறும் கம்பியை மீட்டினாலே கார்ட் வரும் ஓபன் ட்யூனிங் பாட்டுகளை ஒன்றாக அடுக்கு. மாமா கொடுத்த கிடாரை அந்த ட்யூனிங்கிலேயே ஸ்டாண்டில் வைத்துக்கொள், அது வீட்டில் தூங்கவேண்டிய கிடார் இல்லை. புதுக் கம்பியை மேடைக்கு முன்னால் மாட்டாதே, மத்தியானமே மாட்டி ஒவ்வொன்றாக இழுத்து விட்டு நாலைந்து தடவை ட்யூன் செய். விளக்குச் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், கேப்போ போட்டால் ஏறும். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் போட்டு மறுபடி ஒரு தடவை பார்த்துவிடு. ட்யூனர் பெடலை மிதித்துச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் திருகவேண்டும். நீ அந்தச் சத்தத்தோடு திருகுவது வீடியோவில் நன்றாகவே கேட்கிறது.

கூட்டத்தோடு பேசு என்று உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்கள் போலிருக்கிறது. உனக்கு வராவிட்டால் வேண்டாம்மா. சிரித்துச் சிரித்துப் பேசி நடித்தால் அடுத்த வரி பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக, போன பாட்டின் கடைசி கார்ட் அடங்குவதற்குள் அடுத்ததை எடுத்துவிடு. பேசாதது யாருக்கும் உறுத்தாது. வார்த்தை அடர்த்தியான பாட்டுக்கு முன்னால் மட்டும் எந்த ஊர், யார் என்று ஒரே ஒரு வரி சொல்.

கௌபாய் ஜங்கீஸ் பேண்டின் பாடகி மார்கோ டிம்மின்ஸ் தொடக்கத்தில் கூச்சம் தாங்காமல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பாடியவர். 1987 நவம்பர் 27ஆம் தேதி டொரண்டோ ஹோலி டிரினிட்டி சர்ச்சில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ‘ட்ரினிட்டி செஷன்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அந்தக் குரல் சத்தம் போடும் குரல் அல்ல. அதனால் மற்ற எல்லோரும் அந்தக் குரல் இருக்கும் உயரத்துக்கு இறங்கி வாசித்தார்கள். உன் பேண்ட் பையன்கள் உனக்கு அப்படி இறங்கி வரவேண்டும். டிரம்மருக்குக் குச்சிக்குப் பதிலாக மெதுவாக வாசிக்க ஒரு ஜோடி பிரஷ் வாங்கிக் கொடு. பேஸ் வாசிக்கும் பையன் இரண்டாவது குரல் எடுக்கட்டும், சன் வோல்ட்டில் ஜிம் போக்விஸ்ட் பேஸ் வாசித்துக்கொண்டே அதைச் செய்தார். நீ ஒருத்தியே ஒன்றரை மணி நேரம் பாடினால் எந்தக் குரலானாலும் கேட்கிறவர்களுக்குப் பழகிவிடும், உன் தொண்டையும் போய்விடும்.

சாப்பிட்டுவிட்டு மேடையேறு. வெறும் காப்பியில் பாடாதே. காது அடைப்பானை மறக்காதே, பார்சலில் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும் என்று அம்மா காத்திருந்தாள். தம்பியிடம் பேசுகிறாயாம், அவன் எதையும் சொல்வதில்லை. எங்களிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அதற்காக நான் கோபப்படவில்லை. ஃபேரரைப் பற்றி இத்தனை வருடம் இத்தனை பேர் குறை சொன்னார்கள். அவர் இன்னும் ‘ட்ரேஸ்’ பாட்டுகளை அதே மாதிரி நின்றுகொண்டுதான் பாடுகிறார், அதைக் கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உன் பாட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. மானிட்டரை நகர்த்து, வரிசையை மாற்று, அடைப்பான் போடு.

ஏப்ரலில் இந்த ஊருக்கு வருவதாகப் போட்டிருந்தீர்களே, அந்தத் தேதி இருக்கிறதா? இருந்தால் மிக்ஸரில் நான் நிற்கிறேன், அந்த இடத்துக்காரரிடம் பேசிவிட்டேன். யார் எங்கே நிற்பது என்கிற ஸ்டேஜ் பிளாட்டும் எந்த மைக், எந்தக் கருவி என்கிற இன்புட் லிஸ்ட்டும் அனுப்பு. பேஸ் பையனுக்கும் மைக் வைத்தால் பன்னிரண்டு சானலில் அடங்குமா, பதினாறு கேட்கட்டுமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா