அந்த சீட்டுக்குக் கூடக் கொடுக்கலாமா?

அன்புள்ள மகளுக்கு,

விலை கூடியதற்குக் கூடப் பணம் கொடுக்கலாமா என்று கேட்டு, பேத்திக்காக நீ அனுப்பிய இரண்டு குழந்தை கார் சீட்டின் விவரத்தையும் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். விலை கூடிய சீட்டில் கதவுப் பக்கம் இழுத்துவிடும் ஒரு முட்டு இருக்கிறது, தலைக்கு இரண்டு பக்கமும் தடிமனான மெத்தை இருக்கிறது, 'கூடுதல் பக்கவாட்டுப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்து இருக்கிறது. மற்றபடி இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. 'குழந்தை விஷயத்தில் போய்க் காசு பார்ப்பார்களா?' என்கிறாள் உன் அம்மா. விற்கிறவர்களும் நம்மிடம் அதைத்தான் சொல்கிறார்கள். அதனால் அவளை விட்டுவிட்டு நானே எழுதுகிறேன்.

பக்கவாட்டில் வந்து இடிப்பதைப் பற்றிய உன் பயம் நியாயமானது. முன்பக்கம் மோதினால் எஞ்சின் இருக்கும் நீளம் முழுக்க நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் இடித்தால் நடுவே இருப்பது ஒரு கதவுதான். அது உள்ளே பிதுங்கி வரும்போது, ஜன்னலோரம் இருக்கும் குழந்தைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தாலே அதிகம். எண்ணிக்கையில் முன்பக்க மோதல்கள்தான் கூடுதல். ஆனால் பக்கவாட்டில் இடிபட்டால் காயம் கடுமையாக இருக்கும், அதுவும் தலையில். சின்னக் குழந்தைகளுக்கு உடம்புக்குத் தலை பெரிது, கழுத்துக்கு வலு கிடையாது.

சரி, அந்த முட்டு என்ன செய்கிறது? கதவு உள்ளே வரும்போது முதலில் முட்டைத் தொடுகிறது. முட்டு, சீட்டின் வெளிக்கூடான ஓட்டைத் தள்ள, குழந்தையோடு சேர்ந்து ஓடு முழுவதும் கொஞ்சம் முன்னதாகவே நகர ஆரம்பிக்கிறது. அதனால் கதவின் முழு வேகமும் ஒரே அடியாகத் தலையில் வந்து இறங்காமல், விசை தோள், இடுப்பு வழியாகப் பிரிந்து போகிறது. மோதல் முழுவதுமே கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதில் சில மில்லி விநாடி முன்னால் நகர்வதே லாபம்தான். தலைப்பக்கத்து நுரையும் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரையைப் போல நசுங்கி அடியைத் தாங்குகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, விஷயம் உண்மைதான்.

ஆனால் முட்டு இல்லாத சீட்டில் பக்கவாட்டுப் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிடாதே. ஐரோப்பாவில் குழந்தை கார் சீட்டுக்கு இருந்த பழைய ஆர் 44 விதியில் பக்கவாட்டுச் சோதனையே கிடையாது. 2013இல் வந்த ஆர் 129 அதைக் கட்டாயமாக்கியது. சில சீட்டுகளில் ஐ-சைஸ் என்று போடுகிறார்களே, அது இந்த விதியில் அடங்கியதுதான். அமெரிக்காவிலும் 2022இல்தான் இதற்குத் தனி விதி போட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் 'பக்கவாட்டில் சோதித்தது' என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தக் கம்பெனி தன் இஷ்டப்படி ஏதோ ஒரு சோதனை செய்தது என்று மட்டுமே அர்த்தம். ஒன்றோடு ஒன்று ஒப்பிட வழியில்லை. ஆகவே நீ பார்க்க வேண்டியது கொட்டை எழுத்தை இல்லை, சீட்டில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற அங்கீகார லேபிளை. அதில் ஆர் 129 இருந்தால், முட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சீட் பக்கவாட்டு மோதலில் தேறியதுதான். முட்டு அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவே.

அந்தக் கொஞ்சத்தைவிடப் பெரிய பலன் தருவது, பேத்தியைப் பின்நோக்கியே, அதாவது முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படியே, உட்காரவைப்பது. இதை நான் அழுத்திச் சொல்வேன். நிஜ ரோட்டில் யாரும் சோதனைக்கூடத்தில் போல நேராக வந்து இடிப்பதில்லை. கடைசி நொடியில் பிரேக் போடுவார்கள், வண்டி சாய்வாக வந்து விழும். முன்நோக்கி உட்கார்ந்த குழந்தையின் தலை அப்போது முன்னால் போய்விடும், பக்கத்து மெத்தையைத் தாண்டியே போய்விடலாம். எவ்வளவு தடித்த மெத்தையாக இருந்து என்ன பயன், தலை அங்கே இல்லையே! பின்நோக்கி இருந்தால் அதே பிரேக் தலையை ஓட்டுக்குள்ளேயே அழுத்தி வைக்கும். ஆர் 129 விதியே 15 மாதம் வரை பின்நோக்கித்தான் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, சீட்டின் உயர, எடை வரம்பு இடம் கொடுக்கும்வரை பின்நோக்கியே வைக்கச் சொல்லிவிட்டது. கால் மடங்கியிருக்கிறதே என்று மாப்பிள்ளை கவலைப்படுகிறார் போலிருக்கிறது. குழந்தைகள் சம்மணம் போட்டுச் சௌகரியமாகவே இருப்பார்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். காரில் கார் சீட், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உயிரிழப்பு அபாயத்தை 71 சதவீதமும், 1 முதல் 4 வயது வரை 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. 1990களில் போட்ட கணக்கு அது. அப்போது இந்த முட்டெல்லாம் ஏது? சாதாரண சீட்டே சரியாகப் பூட்டினால் இவ்வளவு செய்கிறது. அதே துறை பின்னால் ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட பாதி சீட்டுகளில், 46 சதவீதத்தில், பொருத்துவதிலோ குழந்தைக்கு வார் கட்டுவதிலோ தவறு இருந்தது. காரின் பெல்ட் சீட்டின் வழியாகப் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. தோள்பட்டையில் வாரைக் கிள்ளினால் மடிப்பு விரலில் சிக்கக் கூடாது. தடித்த ஸ்வெட்டர் போட்டபடி வார் கட்டினால் இறுக்கிவிட்டதாகத் தோன்றும், அடி விழும்போது துணி அமுங்கி வார் தொளதொளத்துவிடும். பின்நோக்கிய சீட்டில் வார் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ கிளம்ப வேண்டும்.

நடு சீட்டில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டு கதவுக்கும் தூரம் என்பதால் இடம் நல்லதுதான். ஆனால் பல கார்களில் அங்கே சீட்டைக் காரோடு நேரடியாக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்காது, இடமும் குறுகல். அங்கே ஆடிக்கொண்டு இருப்பதைவிட ஓரத்தில் கெட்டியாக நிற்பது மேல்.

ஆகவே என் யோசனை இது. இரண்டிலும் ஆர் 129 இருந்தால், எது அதிக உயரம் வரை பின்நோக்கி வைக்க விடுகிறதோ அதை எடு. அந்த விஷயத்திலும் இரண்டும் சமம், விலை வித்தியாசமும் உங்களை உறுத்தவில்லை என்றால், முட்டு உள்ளதையே வாங்கு, தப்பில்லை. ஆனால் காரைக் கடைக்குக் கொண்டுபோய், முட்டை இழுத்துவிட்டுக் கதவை மூடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. கதவு சீட்டைத் தள்ளினால் வேண்டாம். முட்டைக் கதவுப் பக்கம் மட்டும்தான் இழுத்துவிட வேண்டும், பக்கத்தில் நீ உட்காரும் பக்கம் மடித்தே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தனியாக விற்கும் கழுத்துத் தலையணை, தலை மெத்தை எதையும் வாங்கிச் சொருகாதே. சீட்டோடு வந்ததைத் தவிர எதுவும் அந்தச் சீட்டோடு சேர்த்துச் சோதித்தது இல்லை. உன் அம்மா தைத்து அனுப்புகிறேன் என்று துணி எடுத்து வைத்திருக்கிறாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.