120 மடக்கு நாற்காலிகள்: பாரத விழாக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கும் உறவுகளுக்கும், சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன வருஷம் பாரத விழாவில் கர்ண மோட்சம் கூத்து நடந்த இரவு இருந்தவர்களுக்குத் தெரியும். மணி இரண்டு இருக்கும். கூத்தின் ஊதுகருவியான முகவீணை உச்சத்தில் இருந்த நேரம், மூன்றாவது வரிசையில் படக்கென்று ஒரு சத்தம். எண்பதைத் தாண்டிய தாத்தா ஒருவர் வாடகை பிளாஸ்டிக் நாற்காலியோடு பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் சும்மா இருப்பானா? "கௌரவர் பக்கம் இன்னொரு சிம்மாசனம் சாஞ்சுபோச்சு மகாராஜா!" என்றான். கூட்டம் சிரித்தது, விழுந்தவரும் சிரித்தார். காலையில்தான் இடுப்பில் அடி என்று தெரிந்தது. மீதி விழா முழுக்க அவர் கோயில் பக்கம் வரவில்லை. தீமிதியைக்கூட மொட்டை மாடியில் கட்டில் போட்டுத்தான் பார்த்தார்.

உடைந்த நாற்காலியை மறுநாள் எடுத்துப் பார்த்தோம். பின்கால் ஒன்று மண்ணுக்குள் நான்கு விரல் இறங்கியிருந்தது. சிவப்பு நாற்காலி என்று பெயர்தான். முதுகுப்பக்கம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. பிளாஸ்டிக் வெயிலில் கிடந்து செத்துப்போனால் இப்படித்தான் ஆகும். வளையவேண்டிய இடத்தில் வளையாமல் முறியும். வாடகைக்கு விட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து இரவுக்கு 10,500 ரூபாய் கொடுத்தோம், அந்தக் காசுக்கு உரிய நாற்காலி வந்தது.

அதனால் இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முன் கோயிலுக்குச் சொந்தமாக 120 இரும்பு மடக்கு நாற்காலி வாங்குவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எல்லாருக்கும் நாற்காலி போடும் எண்ணம் இல்லை. பாயும் கோணியும் விரித்து, பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டு பார்ப்பதுதான் கூத்து. இந்த நாற்காலிகள் முட்டி மடங்காதவர்களுக்கு, மாசமாக இருக்கும் பெண்களுக்கு, மதியம் பாரதப் பிரசங்கம் கேட்க வரும் பெரியவர்களுக்கு. இளவட்டங்கள் தரையிலேயே உட்காரலாம், ஒன்றும் தேய்ந்துவிடாது.

"பிளாஸ்டிக்கே வாங்கினால் பாதி விலைதானே?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எடை குறைவு, துருப்பிடிக்காது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். ஆனால் நம் திடல் சிமென்ட் தரை இல்லை, அறுவடை முடிந்த நிலம். மெல்லிய நான்கு கால் அதில் ஒரே அளவாக நிற்காது. உடைந்தால் ஒட்டவும் முடியாது. இரும்பு என்றால் பற்றவைக்கலாம், ஆணி மாற்றலாம், வண்ணம் அடிக்கலாம். எதற்கும் உதவாமல் போனாலும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். இரும்பிலும் குறை உண்டு. மதிய வெயிலில் பந்தலுக்கு வெளியே கிடந்தால் உட்கார்ந்தவர் துள்ளி எழுந்துவிடுவார். பிரசங்க நேரத்தில் நிழலுக்குள்தான் போடவேண்டும்.

மூன்று கடைகளில் மாதிரி வாங்கி வந்து கோயில் வாசலில் வைத்துப் பார்த்தோம். அது ஒரு தனிக் கூத்து. மூன்றும் ஒரே நீல நிறம், ஒரே பளபளப்பு. தூக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று மட்டும் கனமாக இருந்தது. முன்காலின் நுனியை மூடியிருந்த ரப்பர் புஷ்ஷைக் கழற்றிக் குழாயின் வாயைப் பார்த்தோம். லேசான இரண்டும் 20 கேஜ், அதாவது தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கனமானது 16 கேஜ், 1.6 மில்லிமீட்டர். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். கடைக்காரர் "16 கேஜ்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராமல் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வாங்கும்போதும் உதவும்.

அடுத்து குழுவிலேயே எடை கூடியவரை உட்காரவைத்துப் பின்னால் சாயச் சொன்னோம். (பெயர் வேண்டாம், அவரே இதைப் படிப்பார்.) லேசான நாற்காலிகளில் கத்தரி போல மடங்கும் இடத்தில் ஆணித் துளை முனகியது. கனமானது அசையவில்லை. அதில் இன்னொரு நல்ல அம்சம், பின்கால் தனித்தனி முனையாக இல்லாமல் ஒரே குழாயை வளைத்துத் தரையோடு படியும்படி செய்திருக்கிறார்கள். சாயும்போது பாரம் பின்னால்தான் போகும். அந்தப் பாரத்தை நீளமான குழாய் தாங்குவதால் ஈர மண்ணில் அவ்வளவாக இறங்காது. உட்காரும் உயரம் பதினேழரை அங்குலம். அதைவிடத் தாழ்ந்தால் முட்டிவலிக்காரர்கள் எழ இரண்டு பேர் கை கொடுக்கவேண்டியிருக்கும். கை வைத்ததுதான் வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டதால் 120-இல் 20 நாற்காலிகளுக்குக் கைப்பிடி உண்டு. எல்லாவற்றுக்கும் வைத்தால் மடக்கியபின் அறையில் இடம் போதாது.

விலை, சராசரியாக ஒன்றுக்கு 1,300 ரூபாய். மொத்தம் 1,56,000.

இனிமேல் சொல்லப்போவது பணத்தைவிட எங்களை அதிகம் யோசிக்கவைத்த விஷயம். நம் கோயிலுக்கு முன்பே 60 மடக்கு நாற்காலிகள் இருந்தன. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பழுப்பு நிறம் நினைவிருக்கும், நடுவிரல் நசுங்கியதும் நினைவிருக்கும். அவை எங்கே? 49 நாற்காலிகள் துருப்பிடித்துப் போயின. உட்கார்ந்து தேயவில்லை, வைத்த இடத்தில் செத்தன. ஒழுகும் அறையில், சிமென்ட் தரையில், சுவரோடு சாய்த்து வைத்திருந்தோம். கால் புஷ் கழன்று விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. திறந்த குழாய்க்குள் ஈரம் ஏறி உள்பக்கமாகவே அரித்துவிட்டது. வெளியே வண்ணம் அப்படியே இருந்தது, தூக்கினால் கால் கையோடு வந்தது. மிச்சம் 11. அவையும் எப்படித் தப்பின தெரியுமா? ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப் போன வீட்டார் திருப்பித் தர மறந்து பரணில் போட்டுவிட்டார்கள். போன மாதம் வீட்டை இடிக்கும்போது கிடைத்தன. துடைத்து விரித்தோம், இன்றைக்கும் கல் மாதிரி நிற்கின்றன. திருப்பித் தராதவர்களுக்கு நன்றி சொல்லவேண்டிய நிலைமை!

ஆகவே நாற்காலிக்கு மட்டும் காசு கேட்டால் பத்து வருஷம் கழித்து இதே கடிதத்தை இன்னொரு குழு எழுதவேண்டிவரும். அறையின் கூரையைச் சரிசெய்யவும், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இரும்புத் தாங்கி போடவும் 18,000 ரூபாய். கூடுதல் புஷ், துருவைத் தடுக்க அடியில் பூசும் ரெட் ஆக்சைடு, எனாமல் வண்ணம், எண்ணெய் ஆகியவற்றுக்கு 6,000. எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய். ஒரு நாற்காலி, அதைக் காப்பாற்றும் செலவோடு, 1,500 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. விழா முடிந்ததும் மண்ணைக் கழுவி, விரித்தபடியே வெயிலில் காயவைத்து, அதன்பின் மடக்கவேண்டும். ஈரத்தோடு மடக்கினால் ஆணி இருக்கும் இடத்தில்தான் முதல் துரு. வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஆணிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடவேண்டாம். அது பிசுக்கேறி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கீறல் கண்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே வண்ணம் பூசினால் போதும். துருவின் மேலேயே வண்ணம் அடிப்பது புண்ணை மூடி வேட்டி கட்டுவது மாதிரி. விழுந்த புஷ்ஷை அன்றைக்கே மாற்றவேண்டும். இதில் மட்டும் சால்ஜாப்பு கிடையாது.

விழா இல்லாத நாட்களில் நாற்காலிகள் ஊருக்குப் பொது. சாவு வீட்டுக்கு வாடகை இல்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்கு ஒன்றுக்கு 5 ரூபாய், அதுவும் பராமரிப்புக் கணக்கில் சேரும். ஊர், காலனி என்று இரண்டு நோட்டு கிடையாது. ஒரே நோட்டு, கேட்ட வரிசையில் கொடுப்போம். எடுத்தவர் எண்ணி எடுத்து எண்ணித் தரவேண்டும், பரண் வசதி இனி செல்லாது.

நன்கொடையாளர் பெயரை நாற்காலி முதுகில் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மன்னிக்கவேண்டும். மறுபடி வண்ணம் அடிக்கும்போது பெயர் போய்விடும், போனதற்குச் சண்டை வரும். "எங்க அப்பா பேர் போட்ட சேர்ல அவன் எப்படி உக்காரலாம்" என்று இன்னொரு சண்டை. நாற்காலியில் வரிசை எண் மட்டும். பெயர்கள் எல்லாம் மண்டபப் பலகையில், தொகை போடாமல், அகர வரிசையில் இருக்கும். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதே எழுத்து அளவில்தான்.

குழு உறுப்பினர்கள் இதுவரை போட்டது 52,000. இன்னும் தேவை 1,28,000 ரூபாய். முழு நாற்காலியாகத் தரலாம், நான்கு வீடு சேர்ந்து ஒன்றாகத் தரலாம், முடிந்ததைத் தரலாம். வெளியூரில் இருப்பவர்கள் கோயில் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டுப் பொருளாளருக்குச் சொல்லுங்கள். எந்தத் தொகையானாலும் ரசீது உண்டு. வருமான வரி விலக்கு கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். பங்குனி கடைசிக்குள் பணம் சேர்ந்தால் சித்திரைக் கொடியேற்றத்துக்குள் நாற்காலிகள் வந்துவிடும். தொகை குறைந்தால் 16 கேஜைக் குறைக்கமாட்டோம், எண்ணிக்கையைத்தான் குறைப்போம். கணக்கு விழா முடிந்த மறு ஞாயிறு கோயில் வாசலில் படிக்கப்படும்.

பணம் தர வசதிப்படாதவர்கள் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோயிலுக்கு வாருங்கள். பரணில் கிடைத்த அந்த 11 நாற்காலிகளையும் தேய்த்து வண்ணம் அடிக்கப்போகிறோம். உப்புத்தாளும் பிரஷும் வாங்கி வைத்தாயிற்று. துடைக்கப் பழைய வேட்டித் துணி இருந்தால் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பாரத விழாக் குழுவினர்