கோடவுன் சாவி யாரிடம்? குளச்சலிலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் நீங்கள்தான் என்பதால் இந்த மடல் உங்களுக்கு. நான் குளச்சலில் மருந்துக்கடை நடத்துகிறேன். பக்கத்தில் எங்கோ ஓர் அணுகுண்டு விழுகிறது, எங்கள் ஊரில் ஓர் ஓடுகூட உடையவில்லை என்று வையுங்கள். அதற்கப்புறம் ஊர் எப்படிப் பிழைக்கும்?

கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வடமேற்கே திருவனந்தபுரத்தில் ராக்கெட் மையம், கிழக்கே மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும். அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-இல் ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் அந்த நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஊர்களின் பெயர் இருக்காது. 2025 மே மாதம் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. எனக்குக் கவலை சைரன் ஓய்ந்தபின் வரும் நாட்களைப் பற்றி.

முதல் ஆபத்து எங்கள் பழக்கத்திலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி எங்களுக்குக் கற்றுத் தந்த ஒரே பாடம், ஓடு என்பது. அன்றைக்குக் கடலையொட்டி ஓடும் ஏ.வி.எம். கால்வாயைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டவர்களை ஊர் இன்னும் மறக்கவில்லை. நாலே நாளில், 30-ஆம் தேதி, மறுபடி அலை வருகிறது என்று அரசு எச்சரித்ததும் கடலோரமே ஓடியது. அலை வரவில்லை. ஓடியதில் தப்பும் இல்லை. ஆனால் கதிரியக்கத் தூசி விழும்போது தக்கலை ரோட்டில் குடும்பத்தோடு பைக்கில் நெருக்கியடித்து நிற்பதைவிட மோசமான இடம் கிடையாது. அப்போது செய்ய வேண்டியது நேர்மாறு: உள்ளே போ, கதவைச் சாத்து, வெளியே வராதே.

எத்தனை நேரம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நேரம் ஏழு மடங்கு கூடினால் தூசியின் கதிர்வீச்சு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். வெடித்து ஒரு மணி நேரத்தில் நூறு என்றால், ஏழு மணி நேரத்தில் பத்து, இரண்டு நாளில் ஒன்று. ஆகவே முதல் இரண்டு நாள்தான் உயிர். ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் இருப்பவர்கள் எங்கே போவது? தூசி கூரைமேல் தங்கும் என்பதால் மாடிக் கட்டடத்தின் நடுத்தளமும் உள் அறையும் நல்லது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த மண்டபம் என்று இப்போதே குறித்துவைக்கலாம். வெளியிலிருந்து வந்தவர் மேல்துணியைக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாலே ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும். இதை எந்த போஸ்டரிலும் நான் பார்த்ததில்லை.

தூசி எந்தப் பக்கம் போகும் என்று கடற்கரையில் நின்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனி, ஆடியில் நம் முகத்தில் அடிப்பது மேற்குக் காற்று. பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதே மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்கே பெருங்காற்று ஓடுகிறது. குண்டுமேகம் அந்த உயரத்துக்கும் போகும். எனவே வானிலைத் துறை சொல்வது ஊருக்கு வந்துசேர வழி வேண்டும். செல்போன் டவரை நம்ப வேண்டாம். 2017-இல் ஒக்கிப் புயலுக்கே கரண்ட் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தோம்! பேட்டரி ரேடியோ ஒன்று நகராட்சியில் இருக்கட்டும். ஊருக்குச் சொல்ல, கரண்ட் கேட்காத கோயில் மணி இருக்கிறது.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று. அயோடின் மாத்திரை எங்கே கிடைக்கும் என்று அன்றைக்கு என் கடையில்தான் கூட்டம் நிற்கும். அது கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும், அவ்வளவுதான். மற்ற கதிர்வீச்சை அது தடுக்காது. 2011-இல் ஜப்பானில் அணு உலை விபத்து நடந்ததும், அயோடின் சேர்த்த உப்பு காப்பாற்றும் என்று நம்பிச் சீனாவில் உப்பு வாங்கக் கடைகளில் முண்டியடித்தார்கள். இங்கே நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்கு அதே கூட்டம் ஓடும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றாலும் வெயில் படாத இடத்தில் திறந்த குப்பி சுமார் நான்கு வாரம் தாங்கும். அதன்பின் புதுச் சரக்குக்கு எங்கே போவேன்? இருக்கிற குப்பிகளைக் காப்பாற்ற வழி துறைமுகத்தில் இருக்கிறது. ஐஸ் பிளாண்ட், போட்டுகளில் டீசல், ஜெனரேட்டர். யாரிடம் எவ்வளவு என்று கணக்கெடுத்தால் ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் ஒன்றையாவது ஓட்டலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். 1942-இல் பர்மா விழுந்து அரிசி வராமல் போனபோது திருவிதாங்கூர் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தின்று உயிர் பிழைத்தது. நம் பாட்டிமார்கள் அந்தக் கதையைச் சொல்லித்தான் கிழங்கு அவித்தார்கள். குண்டு விழுந்தபிறகும் அது கைகொடுக்கும்: மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் கழுவித் தோலுரித்தால் சாப்பிடலாம். கீரையும் மேய்ச்சல் மாட்டுப் பாலும் சில வாரம் வேண்டாம். மூடிய கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை, குளத்துத் தண்ணீர் கூடாது. ஆனால் நாஞ்சில் வயல்கள் பல வீட்டுமனையாகிவிட்டன. அரிசி லாரி ஆரல்வாய்மொழி வழியாக வந்தால்தான் உலை கொதிக்கும். சுனாமிக்கு எல்லாத் திசையிலிருந்தும் லாரி வந்தது. இந்த முறை வராது, எல்லா ஊரும் அவரவர் பாட்டைத்தான் பார்க்கும்.

அதனால்தான் ரேஷன் கோடவுன் சாவியைப் பற்றிக் கேட்கிறேன். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, அரசுத் துறைகளிடம் உள்ள பொருளை எடுத்துக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் மாவட்ட ஆணையத்திடம், அதாவது நாகர்கோவிலில் இருக்கிறது. நாகர்கோவிலைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்றால் குளச்சலில் பூட்டைத் திறக்கச் சொல்வது யார்? நகராட்சி ஆணையரா, வருவாய் ஆய்வாளரா, இன்ஸ்பெக்டரா? எழுத்தில் இல்லாவிட்டால், கை பலமுள்ளவன் திறப்பான்.

மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு ஊரிலும் அந்த அதிகாரம் யாருக்கு, அவர் இல்லையென்றால் அடுத்தவர் யார் என்று பதவியைச் சொல்லி எழுதுங்கள். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம், நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
குளச்சல் மருந்துக்கடைக்காரர்