வேலிக்கு அப்பால் எட்டடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "கிழக்குத் தோட்டத்து மாமாவுக்கும் உங்களுக்கும் நிலத் தகராறாமே, அதனால்தான் வனத்துறையில் புகார் கொடுத்தீர்களாமே" என்று கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பால்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுவது பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். இந்தச் செய்தி உனக்கு மாமாவின் மகன் வழியாகத்தான் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்ன என்பதை வரிசையாக நான் சொல்லி நீ கேட்க வேண்டும்.

ஐப்பசி பிறந்த முதல் வாரத்தில் நம் நாய் கருப்பன் இரண்டு இரவுகள் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்தான். அரைஞாண் கயிறு கட்டியதுபோல இடுப்பைச் சுற்றி ஒரே சீராகச் சதை அறுபட்டிருந்தது. கால்நடை மருந்தகத்தில் தையல் போட்ட டாக்டர், "இது கடியும் இல்லை, முள்ளும் இல்லை, கம்பிச் சுருக்கு, எப்படியோ அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது, கெட்டிக்கார நாய்" என்றார். அன்று மாலையே கிளுவை வேலியை ஒட்டி வடக்குக் கோடியிலிருந்து நடந்து பார்த்தேன். ஓடைப் பள்ளத்துப் பக்கம், காட்டுப்பன்றிகள் நுழைந்து நுழைந்து மண் வழவழவென்று ஆகியிருக்கும் சந்து ஒன்று உனக்கு நினைவிருக்கும். அதற்கு அப்பால் மூன்றடி தள்ளி, வெள்வேல மரத்தின் வேரில் ஒரு கம்பி முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. பழைய பைக்கின் கிளட்ச் ஒயர். பளபளப்புத் தெரியாமல் இருக்கச் சாம்பலும் சேறும் பூசி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு முறத்தின் அளவுக்கு வட்டமாக விரித்து, இரண்டு குச்சிகளில் நிறுத்தி வைத்திருந்தார்கள். முறுக்கில் முரட்டுக் கறுப்பு மயிர் மூன்று சிக்கியிருந்தது. ஏற்கெனவே ஒன்று அதில் மாட்டியிருக்கிறது என்று புரிந்தது.

நான் அதைத் தொடவில்லை. தொடக் கூடாது என்பதை உன் அப்பா காலத்திலேயே கற்றுக்கொண்டேன். கோபத்தில் அவிழ்த்து வீட்டுக்கு எடுத்து வந்தால் கட்டியவர் யார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி போய்விடும். அந்தக் கம்பி என் வீட்டில் என்ன செய்கிறது என்ற கேள்வியும் வரும். வெள்வேல மரமும் வேலிச் சந்தும் ஒன்றாகத் தெரியும்படி நான்கு படம் எடுத்து, தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதி வைத்தேன். பின்னர் வந்த இரவுகளில் மாமாவின் தோட்டத்துப் பக்கம் நெற்றி லைட் வெளிச்சம் தெரிந்ததையும், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையில் இரண்டு பைக்குகள் வந்து நின்றதையும் அதே நோட்டில் குறித்தேன். வந்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே யார் பெயரையும் எழுதவில்லை.

"ஜெர்மனியில் காட்டுப்பன்றியை உரிமம் வைத்திருப்பவர்கள் சுடுகிறார்கள், ஒரு பன்றிக்கு இவ்வளவு பாடா" என்று நீ கேட்டாய். அங்கே எப்படியோ, இங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்கு வைப்பதும், இரையில் விஷமோ வெடியோ வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூட வேட்டைதான். பன்றி இப்போது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்படும் விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பயிரை அழிக்கிறது என்பதற்காக நாமே கொன்றுவிட முடியாது. அதற்கு அதிகாரம் பெற்ற வன அதிகாரியின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். 2025 ஜனவரியில் வந்த அரசு முடிவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. நம் தோட்டத்திலிருந்து சத்தியமங்கலம் காட்டின் எல்லை அரை கிலோமீட்டர். இந்தக் கணக்கில் நாமும் மாமாவும்தான் எந்தச் சலுகையும் எட்டாத இடத்தில் இருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அவருடைய பாடு எனக்குத் தெரியாததல்ல. சென்ற ஆண்டு பால் பிடித்து நின்ற இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் ஒரே இரவில் படுத்துப் போனதை நான்தான் முதலில் பார்த்து அவருக்குப் போன் செய்தேன். அத்தை தன்னுடைய பழைய சேலைகளையெல்லாம் வேலியில் வரிசையாகக் கட்டினாள். அவர் பரண் போட்டு ஒரு மாதம் குளிரில் கிடந்து வெடி வெடித்தார். இழப்பீட்டுக்கு எழுதிப் போட்டு, கையெழுத்துக்காக மூன்று முறை நடந்து, கடைசியில் வந்த பணம் விதைக்கும் உரத்துக்கும் பற்றவில்லை. எனவே சுருக்கைப் பார்த்த மறுநாள் நான் நேராக வனத்துறைக்குப் போகவில்லை. பகலில், அத்தையும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போய், திண்ணையில் உட்கார்ந்து, நாய்க்கு நேர்ந்ததைச் சொன்னேன். "யாரோ பசங்க ராத்திரி வந்து கட்டிட்டுப் போறாங்க டீச்சரக்கா, நான் என்ன பண்றது" என்றார். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டினால் அது முதல் அட்டவணை, குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு சிறை என்று எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பன்னிக்குச் சட்டம் இருக்குது, எனக்கு இருக்குதா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை ஒரு தூக்குப்போசியில் கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். சந்தையில் வாங்கிய வெள்ளைப்பன்றி என்றாள். இருக்கலாம். ஆனால் நான் அடுப்படியில் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். காட்டு விலங்கின் இறைச்சி ஒருவர் வசம் இருப்பது தெரிந்தால், அது முறைகேடாக வந்ததல்ல என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், ஒரு கரண்டிக் குழம்புக்காக யாரிடமோ விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதா? கொட்டிவிட்டேன். பாத்திரத்தை வெறுமையாகத் தரக் கூடாது என்பதால் முருங்கைக்கீரை ஒரு பிடி வைத்துக் கொடுத்தேன். இந்தக் குழம்பைப் பற்றிப் பின்னால் எந்த அதிகாரியிடமும் நான் சொல்லவில்லை, ஏனென்றால் அது என்ன கறி என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொன்னால் தெரிந்து சொன்னதும் கெட்டுப்போகும்.

இத்தோடு நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் காலை மாமாவின் மோட்டார் ரூமிலிருந்து பள்ளத்தை நோக்கி முழங்கால் உயரத்தில் குச்சிகள் நட்டு, அவற்றின் தலையில் பிளாஸ்டிக் பாட்டில் துண்டுகளைச் செருகி, கட்டுக்கம்பி இழுத்திருந்ததைப் பார்த்தேன். சூரிய மின்வேலியாக இருந்தால் பெட்டி இருக்கும், எச்சரிக்கைப் பலகை இருக்கும், விட்டுவிட்டு அடிக்கும் சிறு அதிர்ச்சிதான் இருக்கும். அதற்கும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும். இதில் அப்படி எதுவும் இல்லை. மோட்டாருக்கு வரும் கரண்டையே நேராகக் கொடுப்பதற்குச் செய்த ஏற்பாடு அது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப் போட்ட கம்பியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் செத்து, இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அன்றிரவு நீ எனக்குப் போன் செய்தாய். யானையை விடு. நம் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் இரவு முறைத் தண்ணீர் திருப்ப அந்தப் பள்ளத்து வழியாகத்தான் போகிறார். அன்றைக்குத் தண்ணீர் முறை நம்முடையது.

மாமாவிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டாமா என்று நீ கேட்பாய். சொன்னேன். போனில் கூப்பிட்டு, "கம்பியை இப்போதே எடுத்துவிடு தம்பி, நான் மதியம் வனத்துறைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். இதனால் தடயம் போய்விடும் என்பது தெரிந்தே சொன்னேன். வழக்கு பலவீனமானது என் தவறுதான். ஆனால் அன்றிரவு யாரும் அந்தக் கம்பியை மிதித்துவிடக் கூடாது என்பது எனக்கு வழக்கைவிடப் பெரிதாக இருந்தது.

புகாரை ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். கண்ணால் கண்டவை, தேதி, நேரம், படங்கள், அவ்வளவுதான். சந்தேகம் யார் மேல் என்று கேட்டதற்கு, "நான் பார்த்தது கம்பியை, கட்டிய கையைப் பார்க்கவில்லை" என்றேன். என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். மொட்டைக் கடுதாசி எழுதும் பழக்கம் நம் வீட்டில் இல்லை. ஒரு நகல் மாவட்ட வன அலுவலருக்கும், ஒன்று மின்வாரியத்துக்கும் பதிவுத் தபாலில் போயிருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு வனவரும் இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வந்தார்கள். மாமாவின் தோட்டத்தில் கம்பி இல்லை. குச்சிகளும் பாட்டில் துண்டுகளும் அப்படியே இருந்தன. வேலிச் சந்தில் சுருக்கு மட்டும் இருந்தது. அதைப் பார்த்த வனவர் என் பக்கம் திரும்பி, "இது யார் பட்டா அம்மா?" என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம்தானே, மாமாவுடையது என்று நான் சொன்னேன். கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்துப் புலப்படத்தை வைத்துக்கொண்டு, வடக்குக் கல்லுக்கும் தெற்குக் கல்லுக்கும் இடையில் கயிறு பிடித்துப் பார்த்தபோதுதான், அந்த இடத்தில் நம் எல்லை வேலிக்கு அப்பால் எட்டடி தள்ளிப் போகிறது என்று தெரிந்தது. சுருக்கு கட்டியிருந்தது நம் நிலத்தில். பறிமுதல் செய்த இடம் என்று எழுதப்பட்டது நம் சர்வே எண். புகார் கொடுக்கப் போனவள், முதலில் வாக்குமூலம் கொடுக்க வேண்டியவளானேன். வனவர் மரியாதையாகத்தான் கேட்டார். நான் எடுத்த படங்களும் நோட்டும் கருப்பனின் மருந்துச் சீட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மரியாதை எவ்வளவு நேரம் இருந்திருக்குமோ.

ஊர் பிடித்துக்கொண்டது இந்த எட்டடியைத்தான். கயிறு பிடித்ததைப் பார்த்தவர்கள், டீச்சர் நிலத்தை அளக்கத்தான் வனத்துறையைக் கூட்டி வந்தார் என்று சொல்லிவிட்டார்கள். உண்மையில், அந்த எட்டடியில் மாமாவின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள்தான் உழுகிறார்கள். பள்ளம் ஒருமுறை கரை உடைத்துப் போனபோது கிளுவைக் குச்சிகளை உள்வாங்கி நட்டது உன் தாத்தா என்று அப்பா ஒருமுறை சொன்ன ஞாபகம் இப்போது வருகிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, கேட்காமலே இருந்திருக்கிறார்.

ஆகையால் நான் உன்னிடம் கேட்பது இதுதான். அந்த எட்டடியைப் பற்றி மாமாவின் மகனிடமோ வேறு யாரிடமோ நீ ஒரு சொல்லும் பேசாதே. நில அளவைக்கு மனுப் போடலாம் என்று எழுதியிருக்கிறாய், போட வேண்டாம். எப்போதாவது கேட்க வேண்டிய காலம் வந்தால் அதை வேறாகக் கேட்டுக்கொள்ளலாம். இப்போது கேட்டால், ஊர் சொன்னது நிஜமாகிவிடும். என் ஒன்றரைப் பக்கப் புகாரில் ஒரு வரிக்கும் மதிப்பு இருக்காது. அதே போல, பழகிய குடும்பம் என்பதற்காகப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லியும் நீ கேட்காதே. அவன் உன்னிடம் கேட்டால், அம்மாவிடம் பேசிக்கொள் என்று சொல். அவனுக்கு நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தவள், என்னிடம் வருவான்.

இப்போதைய நிலவரம்: இரவு ரோந்து வருகிறார்கள். மின்வாரியத்திலிருந்து வந்து மாமாவின் மோட்டார் இணைப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். யார் மீதும் இன்னும் வழக்குப் பதியவில்லை. வேலிச் சந்தில் இலந்தை முள் வெட்டி அடைத்திருக்கிறேன். பன்றிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மாமாவுடைய இந்த வருட இழப்பீட்டு மனுவை நான் எழுதித் தருகிறேன் என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. மாமா இட்டேரியில் எதிர்ப்பட்டால் வண்டியை நிறுத்தாமல் போகிறார். கருப்பனுக்குத் தையல் பிரித்தாயிற்று. பள்ளத்துப் பக்கம் போவதில்லை, இட்டேரி வழியாகச் சுற்றித்தான் வருகிறான்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், வேலி மேல் அதே தூக்குப்போசி இருந்தது. உள்ளே அவரைக்காய். அத்தை தொலைவில் களை பறித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. பாத்திரத்தை இன்னும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பப்பாளி இரண்டு பழுக்கும் பதத்தில் இருக்கிறது.

தை மாதம் வரும்போது பகல் பேருந்தில் வந்து சேர்.

இப்படிக்கு,
அம்மா