ஆசாரத்துக் கொம்பு

ஸ்டீவன்ஸ் பாயிண்ட், விஸ்கான்சின்
டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் கைக்கு வந்து ஐந்து வாரமாகிறது. ஆடிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருந்த இரண்டு வரிகளைப் படித்த பிறகு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எழுத்தையே கேட்கும் உங்கள் வழக்கம் சரியானதுதான். நான் சொல்ல வேண்டியவை இம்முறை எழுத்தில்தான் வரும்.

நீங்கள் இரண்டு செய்திகள் கேட்டிருந்தீர்கள். நான் துப்பாக்கிக்காரர் ஒருவரோடு காட்டுக்குப் போய் மான்கறி தின்னப்போகிறேன் என்று தங்கச்சி சொன்னது உண்மையா என்பது ஒன்று. பெரியப்பா தம் மகன் கட்டும் புது வீட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்கு நம் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் தொங்கும் கடமான் கொம்பைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்பது மற்றொன்று. இந்த ஒன்பது நாள் வேட்டைப் பருவத்தைப் பார்த்த பிறகு, இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சி சொன்னது உண்மை. ஆனால் நான் துப்பாக்கியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பனி விழுந்த காலையில் தம் வாசலை வாரிவிட்டு என்னைக் கேட்காமலே என் வாசலையும் வாரிவிட்டுப் போகிறவர். எழுபது வயது தாண்டியதால் சுட்ட மானைத் தனியாக இழுத்துவர அவரால் முடிவதில்லை. துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

இங்கே நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் என்ற பண்டிகை வியாழக்கிழமையில் வரும். அதற்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம். இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவரையொருவர் மான் என்று எண்ணிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லாரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிய வேண்டும்; 2016 முதல் அதே அளவு பளிச்சிடும் இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்படுகிறது. சுட்ட மானை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அரசிடம் பதிவு செய்துவிட வேண்டும். காட்டு மானின் கறியைக் காசுக்கு விற்பது குற்றம். உண்ணலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான். இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காகச் சுட்டுச் சுட்டே இந்த நாட்டின் வெள்ளைவால் மான்களை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். 1900-இல் வந்த லேசி சட்டம், களவாக வேட்டையாடிய விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. 1937-இல் துப்பாக்கி, தோட்டாக்கள் மீது விதித்த வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்று மற்றொரு சட்டம் வந்தது. அன்று சில லட்சமாகக் குறைந்திருந்த மான்கள் இன்று கோடிக்கணக்கில் இருக்கின்றன.

முதல் நாள் விடியும் முன்பே போய் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தோம். குளிரைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். அவர் கொடுத்த கம்பளிச் சட்டை இரண்டு ஆள் பருமனுக்கு இருந்தது. ஏழரை மணியளவில் ஒரு கலைமான் வந்தது. கொம்பில் எட்டு முனைகள் இருந்தன. அப்படி ஒன்றை நான் கோயில் கற்சிலையில்கூடப் பார்த்ததில்லை. பெரியவரிடம் ஆண்மானுக்கான சீட்டு இருந்தது. அவர் துப்பாக்கியை உயர்த்தவே இல்லை. அது நின்று, மோந்து, போய்விட்டது. அரைமணி நேரம் கழித்து பெண்மான்களான இரண்டு பிணைகள் வந்தன, அவற்றில் ஒன்றைச் சுட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன். இணைதேடும் பருவத்தில் அலைந்து மெலிந்த கலையின் கறியைவிடப் பிணையின் கறி நல்லது என்றும், கலைகளை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் மந்தை குறையாது என்றும் சொன்னார். கொம்பைச் சமைத்துத் தின்ன முடியாது என்பது இங்கே கறிக்காக வேட்டையாடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொல், அவரும் சொன்னார்.

இரண்டாவதாகச் சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. ஓநாய்கள் ஒழிந்த காட்டில் மான்கள் பெருகி, இளமரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்து, பனிக்காலத்தில் பட்டினியால் செத்தன. இந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட், பிணைகளையும் சுட்டால்தான் காடு பிழைக்கும் என்று வாதாடினார். 1943-இல் அதற்கு அனுமதி கொடுத்தபோது, கலையை மட்டும் சுடுவதே வீரம் என்று வளர்ந்த வேட்டைக்காரர்கள் அவரைக் கடுமையாகத் தூற்றினார்கள். கொம்பின் மீது வைக்கும் ஆசை காட்டின் கணக்கையே மறைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மானின் அருகில் போனதும் பெரியவர் ஒரு குச்சியால் அதன் கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்தார். இமைக்காவிட்டால் உயிர் போய்விட்டது என்று பொருள். பிறகு வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்கையில் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்பா, பனியில் அந்தக் குடலிலிருந்து ஆவி எழுந்தபோது, கருப்பணார் கோயில் கிடாவெட்டில் நீங்கள் என்னைக் காலைப் பிடிக்கச் சொன்ன நாள் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. குளிரால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இங்கே எல்லாரும் இந்தப் பெரியவரைப் போல இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொம்பின் நீளம், முனைகள், விரிவு, சுற்றளவு எல்லாவற்றையும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை அளந்து மதிப்பெண் போடும் முறை 1950-இலிருந்து வழக்கில் இருக்கிறது. மதுக்கடைகளில் பெரிய கொம்புக்குப் பரிசு வைக்கிறார்கள். உயரமான வேலிக்குள் தீனி போட்டுக் கொம்பை வளர்த்து, ஆயிரக்கணக்கான டாலர் கொடுப்பவருக்கு அந்தக் கலையைச் சுடக் கொடுக்கும் பண்ணைகளும் உண்டு. எங்கும் ஓட முடியாத உயிரைச் சுட்டுவிட்டு அதன் தலையோடு படம் எடுத்துக்கொள்வதை வேட்டை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாநிலத்தின் வடமேற்கே டான்பரி என்ற ஊரருகே 1914-இல் ஜேம்ஸ் ஜோர்டான் என்ற இளைஞர் ஒரு பெரிய கலையைச் சுட்டார். தலையைப் பதப்படுத்தித் தருமாறு ஒருவரிடம் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அந்த ஆள் ஊரை விட்டே போய்விட்டார், தலை திரும்பி வரவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1964-இல், பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் வேறொருவர் அதை மூன்று டாலருக்கு வாங்கினார். அளந்து பார்த்ததில் அந்த வகைக் கொம்புகளில் அன்று உலகிலேயே பெரியது என்று தெரிந்தது. அதைச் சுட்டவர் ஜோர்டான்தான் என்று அளவுப் பதிவு வைத்திருப்பவர்கள் 1978-இல் ஒப்புக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை. பெரியவர் இதை எனக்குச் சொன்னபோது, அந்த மானின் கறியை யார் தின்றார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லையே என்றுதான் வருந்தினார்.

பெரியவரின் கார் கொட்டகைச் சுவரில் ஒரு தலைகூட இல்லை. வேட்டைக்காரர்கள் முதுகில் குத்திக்கொள்ள அரசு ஆண்டுதோறும் கொடுத்துவந்த எண் அட்டைகளை, அந்த வழக்கம் 2016-இல் நின்றுபோகும் வரை சேர்த்தவற்றை, வரிசையாக ஆணியடித்து வைத்திருக்கிறார். மானின் தலை போவது வேறிடத்துக்கு. 2002 முதல் இந்த மாநில மான்களிடையே மூளையை அரிக்கும் ஒரு கொள்ளைநோய் கண்டறியப்பட்டிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அதன் நச்சு அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை என்றாலும், நோயுள்ள மானின் கறியை உண்ணக் கூடாது என்கிறார்கள். ஆகையால் அவர் தலையை அறுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் வைத்துக் காத்திருந்து, நோயில்லை என்று தெரிந்த பிறகுதான் ஏழு கிலோ எனக்குக் கொடுத்தார். ஒரு பங்கை ஊரில் உள்ள உணவு வங்கிக்குக் கொடுத்தார். வேட்டைக்காரர்கள் தரும் மானை இல்லாதவர்களுக்குச் சேர்க்கும் திட்டம் இங்கே 2000-லிருந்து நடக்கிறது.

ஏழு கிலோவும் எனக்கு நல்ல உதவி. இந்த மாதம் கடைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. துண்டுகளில் ஒரு பொட்டுக் கொழுப்பு கிடையாது, அவசரப்பட்டால் செருப்புத் தோல் ஆகிவிடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கிள்ளிய வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டுப் பள்ளிபாளையம் கோழி செய்கிற முறையிலேயே, ஆனால் மூடி போட்டு இரண்டு மணி நேரம், வேக வைத்தேன். பெரியவருக்கும் கொடுத்தேன். மிளகாய் தாங்காமல் பால் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார். அவர் போன பிறகு தேங்காய்ப் பல் வறுபட்ட வாசம் வீட்டை விட்டு இரண்டு நாள் போகவில்லை, நான் ஜன்னலைத் திறக்கவும் இல்லை. அம்மா அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அடுத்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகள் கொஞ்சம் நீளமாக இருக்கின்றன, வேறொன்றுமில்லை.

தலைக்காகக் கொல்வது முழுக்கத் தீது என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் ஆப்பிரிக்க நாடான நமீபியாவின் நடப்பு என்னைத் தடுக்கிறது. 2014-இல் அங்கே ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் உரிமையை டல்லாஸ் நகரில் மூன்றரை லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள். 2015-இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தை, எங்கள் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவிலிருந்து போன ஒருவர் அம்பெய்து கொன்றபோது உலகமே கொதித்தது, நானும் கொதித்தேன். ஆனால் நமீபியாவில் 1996 முதல் சிற்றூர் மக்களுக்கே காட்டுயிர் மீது உரிமை கொடுத்து, வேட்டைக்கு வருபவர் கொடுக்கும் பணம் ஊருக்கும், சுட்ட விலங்கின் கறி ஊராருக்கும் போகும்படி செய்திருக்கிறார்கள். தலை விமானம் ஏறினாலும் கறி ஊரில் பங்கு வைக்கப்படுகிறது. அந்த ஊராரைப் போய்ப் பாவிகள் என்று சொல்ல நான் யார்? அந்தப் பணத்தைக் கொடுக்கிறவரின் ஆசை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கப் போவதில்லை.

வள்ளல் வல்வில் ஓரியைப் பற்றிய புறநானூற்றுப் பாட்டை நீங்கள் பத்தாம் வகுப்பில் நடத்தியபோது, யானையைத் துளைத்த அம்பு புலி, மான், பன்றி என்று போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததைத்தான் நாங்கள் கை தட்டிக் கேட்டோம். பிற்பாதியை இங்கே வந்துதான் புரிந்துகொண்டேன். பாணர்கள் தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்ததும் அவன் நாணுகிறான். தான் கொன்ற மானின் கறியையும் மதுவையும் அவர்களுக்குக் கொடுக்கிறான். நம் கொல்லிமலையின் அரசன் கொம்பை எங்கே மாட்டினான் என்று புலவர் பாடவில்லை.

இனி நம் கொம்புக்கு வருகிறேன். உங்கள் அப்பா, என் அப்பாரு, அந்தக் கடமானை எதற்காகச் சுட்டார் என்று அப்பத்தாவிடம் ஒருமுறை கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் சுட்டு, தெருவுக்கே கூறு போட்டுக் கொடுத்ததாகச் சிறுவயதில் அப்பத்தா சொல்லக் கேட்ட நினைவு எனக்கு இருக்கிறது. அப்படியானால் அது கூறு போட்ட நாளின் அடையாளம். நாம் அதில் குடையும் துண்டும் தொங்கவிட்டு வாழ்ந்ததில் தவறில்லை. புது வீட்டு வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைத்தால், வருகிறவர்கள் யார் சுட்டது, எவ்வளவு பெரியது என்றுதான் கேட்பார்கள். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முந்தியதாக இருந்தாலும் இதை வீடு மாற்றிக் கொண்டுபோவதற்கு முன்னால் வன அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். அப்பாரு பெயரில் சான்றிதழ் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரியப்பாவின் மனம் நோகாதபடி, கைமாற்றினால் வழக்கு வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவரிடம் நானே எழுதுகிறேன். விலைக்கு யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம்.

அப்பத்தாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டீர்களா? தையில் வைத்துக்கொள்ளலாம். இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தி வரும், வங்கிக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கீழ்க்காட்டுக் கடலைக்குக் கூலி கொடுக்க அதுவரை சின்ன மாமாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் அவரிடம் பேசிவிட்டேன். தங்கச்சியைப் பார்க்க வருகிற ராசிபுரத்து மாப்பிள்ளை வீட்டார் என் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் வேலை நன்றாகப் போகிறது என்று சொல்லுங்கள், தொகை எதுவும் சொல்ல வேண்டாம். ஆசாரத்து ஓடு இரண்டு உடைந்ததாக அம்மா எழுதியிருந்தார். மார்கழிப் பனிக்கு முன்பே மாற்றிவிடுங்கள், அப்பத்தா அதன் கீழேதான் படுக்கிறார்.

உங்கள் அன்பு மகன்